தங்கச்சியின் ஐ.என்.ஆர். நோட்டை மகளிடம் இப்போதே கொடுக்கலாமா?

வடசேரி பெரியம்மா:

என் தங்கச்சி போய் ஆறு மாதம் ஆகிறது. வயது 33. மகளுக்கு ஏழு, இரண்டாம் வகுப்பு. தங்கச்சியின் துணிமணிகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். ரத்தப் பரிசோதனை எண்களை அவள் எழுதிவைத்த ஒரு லாங் சைஸ் நோட்டு மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தது அவளுக்கு. இன்று முழங்கால், நாலு நாள் கழித்து முழங்கை என்று வீக்கம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று தைலம் தேய்த்துவிட்டோம். தேய்த்தது நான். ருமாட்டிக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது இதயத்தில் மைட்ரல் வால்வு கெட்டிருந்தது. அப்புறம் 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி. போட்ட மறுநாள் நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போவாள். யாராவது கேட்டால் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்பாள். எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது.

2013-ல் திருவனந்தபுரத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் அசிட்ரோம் மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை. நமக்கெல்லாம் அது 1 சுமார் இருக்கும், அவளுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் ரத்தக்கசிவு. “தோசை மாவுப் பதம்தான் அக்கா, நீர்த்தாலும் ஆகாது, கெட்டியானாலும் ஆகாது” என்பாள். கீரை அதிகமானால் எண் இறங்கிவிடும். அதற்காக அவள் கீரையை விடவில்லை. செவ்வாய், வெள்ளி ஒரே அளவு முருங்கைக்கீரைத் துவரன், கரண்டியால் அளந்து.

வயிற்றில் பிள்ளை வந்தபோது டாக்டர் எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்த மாத்திரை ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை கருவைக் கெடுக்கக்கூடும். அதற்குப் பதிலாகப் போடுகிற ஹெபாரின் ஊசி குழந்தைக்குப் போகாது, ஆனால் தாயின் வால்வுக்கு மாத்திரை அளவுக்குக் காவல் இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. காலை ஏழு, மாலை ஏழு, தானே வயிற்றில் குத்திக்கொள்வாள். தொப்புளைச் சுற்றி நீலமும் பச்சையுமாக இருக்கும். “பாப்பாவுக்கு மேப் வரைகிறேன்” என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வால்வுச் சத்தம் ராத்திரியில் நன்றாகக் கேட்கும், டிக் டிக்கென்று. பிள்ளை அந்த நெஞ்சில் காது வைத்துத்தான் தூங்கும். அங்கன்வாடியில் போய், “எங்க அம்மாவுக்குள்ள வாட்ச் ஓடுது, உங்க அம்மாவுக்கு ஓடுதா?” என்று எல்லோரையும் கேட்டிருக்கிறாள். ஒரு பையன் வீட்டுக்குப் போய் அழுதானாம், தன் அம்மாவுக்கு ஓடவில்லை என்று. போன மாதம் என் பக்கத்தில் படுத்திருந்தவள் நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, உனக்குச் சத்தமே வரலியே” என்றாள்.

சரி, நோட்டு. தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். ஓரத்தில் பொடி எழுத்தில் பிள்ளையைப் பற்றி. “2.8. கீழே ரெண்டு பல்.” “3.1. தானாக நின்னா, எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வரை.” “2.2. கல்யாண வீட்டுக் கீரை. புத்தி இல்லை.” இதைத் தவிர அந்தப் பிள்ளையின் குழந்தைப் பருவத்துக்கு வேறு பதிவே கிடையாது. ஆனால் கடைசி இருபது பக்கம் வேறு மாதிரி. “மூச்சு முட்டுது. தூக்கச் சொல்லிக் கை நீட்டினா. தூக்கலை.”

எங்கள் அம்மா, “எட்டி, சீக்கு நோட்டு எதுக்கு வீட்டுல, கடல்ல போட்டுட்டு வா” என்கிறாள். பிள்ளைக்கோ எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிகிறது, அம்மா நோட்டு எங்கே என்று கேட்கவும் செய்கிறாள். கொடுக்கவா, பெரியவளாகும்வரை பூட்டி வைக்கவா?

இரவு ஷிப்ட் செவிலி:

கடலில் போடாதீர்கள். நோட்டு மட்டுமல்ல, எக்கோ ரிப்போர்ட், வால்வு அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். நாளை அந்தப் பிள்ளையிடம் ஒரு டாக்டர் குடும்ப வரலாறு கேட்டால் யார் சொல்வது?

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். இது அம்மாவிடமிருந்து நேராகப் பிள்ளைக்கு வருகிற நோய் அல்ல. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி தன் இதயத்தையே தாக்குவதால் வருவது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள். காய்ச்சலோடு தொண்டைவலி வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்பது நாளுக்குள் பென்சிலின் ஆரம்பித்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். தைலம் தேய்த்ததை நினைத்துக் குமையாதீர்கள். எங்கள் வார்டுக்கு வருகிற பாதிப் பேர் வீட்டிலும் தைலம்தான் தேய்த்திருப்பார்கள்.

ஒற்றைத் தகடு:

எனக்கும் மைட்ரல் வால்வு மாற்றியிருக்கிறது. என்னுடையது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கி, 1990-ல் முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. சாய்ந்து திறக்கிற ஒரே தகடு, அதுவும் பிளாஸ்டிக், அதனால் சத்தம் கம்மி. உங்கள் தங்கைக்கு வைத்தது இரண்டு இதழ் கார்பன் வால்வாக இருக்கலாம், அதுதான் நன்றாகக் கேட்கும். என் மகன் காது வைத்துவிட்டு “ஒண்ணும் கேக்கல, ரிப்பேர்” என்று சொல்லிவிட்டான்.

என் கட்சி: இப்போதே கொடுங்கள். நானும் இப்படி ஒரு நோட்டு எழுதுகிறேன். நாளைக்கு அதை யாராவது பூட்டி வைத்தால் எனக்குப் பிடிக்காது.

மளிகைச் சீட்டு:

அம்மா போகும்போது எனக்கு ஆறு வயது. சிறுநீரகக் கோளாறு, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பிள்ளை பயந்துவிடும் என்று எல்லாவற்றையும் அகற்றிவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து ஒரு டப்பாவில் அவர் கையெழுத்து கிடைத்தது. து.பருப்பு 1 கிலோ, சீரகம் 50, நீலம் 1. அவ்வளவுதான். அந்த “நீலம்” எழுத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

ஒரு பக்கத்தையும் கிழிக்காதீர்கள். ஆனால் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ஏழு வயதுப் பிள்ளை கடைசி இருபது பக்கத்துக்கு வந்து சேர நாளாகும்.

சும்மா ஒருவன்:

எல்லாம் சரி, பிள்ளையின் அப்பாவைக் கேட்டீர்களா? பதிவு முழுக்கத் தேடினேன், அந்த ஆளைக் காணோம்.

வடசேரி பெரியம்மா:

சும்மா ஒருவனுக்கு: உறைக்கிற மாதிரிதான் கேட்டீர்கள். நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஆறு மாதமாகப் பேச்சே இல்லை, அதனால் விட்டுவிட்டேன். நேற்று நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். திறக்கவில்லை. “கட்டம் போட்டது நான்தான் அக்கா, அவளுக்கு ஸ்கேல் பிடிக்க வராது” என்றார். பிள்ளையைக் கூப்பிட்டு அவரே மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

மூன்று பக்கம் படித்தோம். எண்ணைப் பார்த்ததும் “இது அம்மா மார்க்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 2.8 நல்ல மார்க்கு, 3.1 நல்ல மார்க்கு. 2.2 வந்ததும் “அம்மா பெயிலா?” என்றாள். மாப்பிள்ளை, “அன்னிக்குக் கல்யாண வீட்டுல மூணு தடவை கீரை வாங்கினா” என்றார். ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா உள்ளேயிருந்தே கேட்டாள், “பிள்ளைக்குக் காது குத்தினது என்னைக்குன்னு எழுதியிருக்காளா, பாரு.”