பவுடர் கோட்டிங் போட்ட ஈயக் குண்டா, வெறும் ஈயக் குண்டா: எது குறி தவறாது?

வளையம்பத்து (ஓஹாயோ):
வீட்டில் தோட்டா அடைப்பவர்கள் கொஞ்சம் வாருங்கள். என்னுடையது 38 ஸ்பெஷல் ரிவால்வர். 158 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டுகளை ஒரே அச்சில் வார்த்து, பாதிக்குப் பவுடர் கோட்டிங் (தூளைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) போட்டேன், பாதிக்கு மசகாக மெழுகு மட்டும். மருந்து இரண்டுக்கும் ஒரே அளவு. 25 கெஜத்தில், மணல் மூட்டை மேல் கையை வைத்து ஐந்தைந்து சுட்டேன். கோட்டிங் குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தன. மெழுகுக் குண்டுகள் மூன்றரை அங்குலத்துக்குச் சிதறின. இனி மெழுகைத் தொடப்போவதில்லை. மறுப்பவர் உண்டா?

பழைய ரிவால்வர்:
நான் மறுக்கிறேன் தம்பி. உங்கள் ஊர்க் கேம்ப் பெர்ரி துப்பாக்கிப் போட்டிகளிலேயே 148 கிரெய்ன் வாட்கட்டரை (தட்டை முனைக் குண்டு) வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சுட்டிருக்கிறார்கள். ஒற்றைக் கையில், 50 கெஜத்தில். அந்த இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம்தான். அந்தக் குண்டு மசகு தடவிய மென்மையான ஈயம், அடிப்பக்கம் குழிவு. சுடும்போது வாயு அந்தக் குழிவை விரித்து, குண்டைப் பேரலோடு இறுக்கிவிடும். கோட்டிங் எதுவும் கிடையாது. ஒன்று கேட்கிறேன்: இரண்டு வகையையும் மைக்ரோமீட்டரில் அளந்தீர்களா?

ஈயவாரி (டெக்சாஸ்):
அண்ணே, வாட்கட்டர் மெதுவாகப் போகிற குண்டு. அதை வைத்து மற்றதை எடை போட முடியாது. 1935இல் 357 மேக்னம் என்ற வேகமான தோட்டா வந்தபோது வெறும் ஈயம் பேரலில் அப்பிக்கொண்ட தொல்லை எல்லாருக்கும் தெரியும். க்ளாக் கைத்துப்பாக்கியின் கையேடும் ஈயக் குண்டு வேண்டாம் என்றே சொல்கிறது. என் மேக்னத்தில் மெழுகுக் குண்டு ஐம்பது சுட்டால், அன்று மாலை முழுக்க பிரஷ்ஷும் கையுமாக உட்கார வேண்டும். கோட்டிங் என்றால் ஒரே ஒரு துணியை இழுத்தால் போதும். மூடிய அரங்கில் மெழுகுப் புகையும் இல்லை. பேரல் சுத்தமாக இருந்தால்தானே கடைசிக் குண்டும் முதல் குண்டு மாதிரி போகும்?

வளையம்பத்து:
அளந்துவிட்டேன். மெழுகு போட்டது 0.357 அங்குலம், கோட்டிங் போட்டது 0.359. கோட்டிங்குக்குப் பிறகு சைசிங் டையில் (குண்டை ஒரே விட்டத்துக்கு இறுக்கும் வளையம்) தள்ள மறந்திருக்கிறேன். மென் ஈயத் துண்டு ஒன்றைப் பேரலுக்குள் தட்டி இறக்கிப் பார்த்தேன், பேரலின் சுழல் பள்ளத்துக்குப் பள்ளம் 0.357. குண்டு வெளியேறும் சிலிண்டர் வாய் 0.3585.

பழைய ரிவால்வர்:
அதைத்தான் எதிர்பார்த்தேன். மெழுகுக் குண்டு அந்தச் சிலிண்டர் வாயில் தொளதொளவென்று கிடந்திருக்கிறது. ஓரமாக வாயு பீய்ச்சிக்கொண்டு போய் ஈயத்தை அரித்திருக்கும். பேரலுக்குள் விளக்கை அடித்துப் பாருங்கள். சிலிண்டர் பக்கத்தில் ஈயம் ஒட்டியிருந்தால் விட்டம் போதவில்லை. வாய்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தால் மசகு பாதி வழியில் தீர்ந்திருக்கிறது. நீங்கள் ஒப்பிட்டது 0.357ஐயும் 0.359ஐயும். கோட்டிங்கை இன்னும் ஒப்பிடவே இல்லை.

ஈயவாரி:
விட்டம் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் கோட்டிங்கை ஒழுங்காகப் போட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம். ஆறியதும் ஒரு குண்டைச் சுத்தியலால் நசுக்குங்கள். தோல் உரிந்தால் வேகவில்லை. தோட்டாக் கூட்டின் வாயைக் கொஞ்சம் கூடுதலாக விரித்துவிட்டு அடையுங்கள், இல்லாவிட்டால் கோட்டிங் சுரண்டப்பட்டுவிடும். அப்புறம் அதே ரிவால்வரில் திரும்பச் சுடுங்கள்.

வளையம்பத்து:
விளக்கு அடித்தேன். சிலிண்டர் பக்கத்தில்தான் சாம்பல் நிறக் கோடுகள். பேரலைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, அச்சைக் கொஞ்சம் விரித்துப் புதிதாக வார்த்தேன். இரண்டு வகையையும் 0.3585 டையில் தள்ளினேன். பத்துப் பத்தாக மூன்று அட்டை. மெழுகு: 2.6, 2.4, 2.9. கோட்டிங்: 2.5, 2.8, 2.5. என் கை நடுக்கமே இதைவிடப் பெரிது. மெழுகைத் தொடமாட்டேன் என்றதை வாபஸ் வாங்குகிறேன்.

ஈயவாரி:
மெதுவான 38இல் ஒப்புக்கொள்கிறேன். மேக்னம் வேகத்தில் ஒப்புக்கொள்ளமாட்டேன். அடுத்த வாரம் என் 357இல் இதே மாதிரி, நடுவில் துடைக்காமல் நூறு குண்டு சுட்டு அட்டைகளைப் போடுகிறேன்.

பழைய ரிவால்வர்:
சுடுங்கள். முதல் பத்தின் அட்டையையும் கடைசிப் பத்தின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். குண்டின் விட்டத்தை அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.