புதுப்பிப்பு: ட்ரௌட் பிடிக்க ஆர்ஜென்டினா போவதா என்று கேட்டிருந்தேனே

கனடா அண்ணா, கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரௌட் மீன் பிடிக்க ஆர்ஜென்டினாவின் ரியோ கிராண்டே ஆற்றோர விடுதிக்குக் கூப்பிடுகிறார், மட்டக்களப்பு வாவியில் கொடுவா பிடிப்பவனுக்கு அது சரிவருமா என்று கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று.

காற்று என்றால் அப்படியொரு காற்று. மட்டக்களப்புக் கல்லடியில் தூண்டில் எறிந்த பெருமையெல்லாம் அங்கே செல்லாது. இரண்டு கையாலும் வீசும் நீளத் தூண்டில் தடிதான் உதவியது. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும். அண்ணாவுக்கு அது பழக்கம், எனக்கு வயிறு எரிந்தது.

மீனும் அந்த ஊருக்கு வந்தேறிதான்: 1935இல் ஜோன் குடால் என்பவர் கொண்டுவந்து விட்ட ஐரோப்பிய இனம். ஆற்றில் பிறந்து, கடலில் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்கு வருகிறது. நம் கொடுவா நேர்மாறு: முட்டையிடுவது உப்புநீரில், குஞ்சுகள் வளர்வது வாவிக்குள்.

செலவு முழுக்க அண்ணாவுடையது. என் காசென்றால் முகத்துவாரத்தோடு நின்றிருப்பேன்.