வால்பாறைப் பக்கம் காடர் ஊருக்கு வேலைக்குப் போறன், தையல் மெஷினோட போனா சரி வருமா?

ஓடி_பொண்ணு:

வணக்கம் மக்களே. நான் கடலூர் ஓ.டி. பாண்டில எம்எஸ்டபிள்யூ, அதான் சமூகப்பணிப் படிப்பு, முடிச்சிட்டு ஒரு தொண்டு நிறுவனத்துல சேர்ந்திருக்கன், பேரு வேணாமே. அடுத்த மாசம் வால்பாறை போகச் சொல்லிட்டாங்க. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற காடர் பழங்குடி ஊருங்கள்ல 'வாழ்வாதார மேம்பாடு' பண்ணணுமாம். கையில குடுத்திருக்கிற பிளான் என்னன்னா பொம்பளைங்களுக்குத் தையல் பயிற்சி, வீட்டுக்கு ரெண்டு ஆடு, அப்புறம் காளான் வளர்ப்பு. விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமத்துக்கும் அச்சு அசலா இதேதான் போட்டாங்கன்னு ஆபீஸ் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, ஊர் பேர மட்டும் மாத்திட்டாங்க போல.

நான் படிச்ச வரைக்கும், 1890கள்ல இருந்து அங்க மழைக்காட்ட வெட்டி காப்பி, டீ போட்டிருக்காங்க, அப்புறம் அணைங்க வந்துச்சு, இப்ப வால்பாறை மேட்டுல மிச்சம் இருக்கிற காடு எஸ்டேட்டுக்கு நடுவுல துண்டு துண்டா நிக்குது. காடருங்க அந்தக் காட்டுல தேனு, குங்கிலியப் பிசின், கிழங்குன்னு எடுத்துப் பொழச்சவங்க. காடு சுருங்குனதுக்குத் தையல் மெஷின் எப்படிப் பதிலாகும்னு எனக்கு ஓடவே மாட்டேங்குது. பழங்குடி ஊருங்கள்ல வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. எங்கப்பா வேற "புலி இருக்கிற எடத்துல உனக்கென்னடி வேலை"ன்னு தெனமும் ஆரம்பிச்சிடறாரு, அது தனிக் கதை.

கிள்ளை_காத்து:

மொதல்ல அந்த ஆட்ட நிறுத்தச் சொல்லும்மா. வால்பாறைல சிறுத்தை டீத்தோட்டத்துக்குள்ளயே நடமாடுது, வீட்டுக்கு ரெண்டு ஆடு குடுத்தா அது சிறுத்தைக்குத்தான் வாழ்வாதாரம்.

மழைக்காடு எனக்குத் தெரியாது, பிச்சாவரம் சுரபுன்னைக் காடு தெரியும். அங்க நடந்தத சொல்றன், உனக்கு ஒதவலாம். வெள்ளக்காரன் காலத்துல ஆரம்பிச்சு 1970கள் வரைக்கும் அரசாங்கமே கூப்பு கூப்பா, அதாவது துண்டு துண்டா பிரிச்சு, காட்ட மொத்தமா வெட்டுச்சு. வெட்டுன எடம் காஞ்சு தரை உள்வாங்கிடுச்சு, அலைத்தண்ணி உள்ள வந்தா திரும்பிப் போக வழியில்லாம தேங்கி உப்பேறி ஒரு செடி மொளைக்கல. ஆனா பழி யாரு மேல வந்துச்சுன்னா வெறகு பொறுக்குறவங்க மேலயும் மாடு மேய்க்கிறவங்க மேலயும். 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து பாத்துட்டுத்தான் வெட்டுனதுதான் காரணம், தண்ணி போய் வரணும்னு சொல்லி, மீன் முள்ளு மாதிரி நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன வாய்க்கால்னு ஊர் ஜனங்கள வச்சே வெட்டுனாங்க. காடு திரும்ப வந்துச்சு. 2022ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்லயும் சேந்துச்சு.

இதுல கிள்ளை எம்.ஜி.ஆர். நகர் இருளர் கதை முக்கியம். அவங்க பறிங்கிற ஓலைக் கூடைய வாயில கடிச்சுக்கிட்டு கழுத்தளவு தண்ணில உக்காந்து கையாலயே தடவி எறா புடிக்கிறவங்க. ரொம்ப நாளைக்கு அவங்ககிட்ட சாதிச் சான்றிதழே கெடையாது. அது இல்லன்னா படிப்புக்கு உதவித்தொகை இல்ல, லோன் இல்ல, வீடு இல்ல, எந்தத் திட்டத்துலயும் பேர் ஏறாது. அதனால நீ போனதும் மெஷின எறக்குறதுக்கு முன்னாடி யாரு யாருக்கு சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு இருக்குன்னு ஒரு நோட்டு போடு. போரடிக்கிற வேலைதான், ஆனா பாதி வாழ்வாதாரம் அதுலதான் மாட்டிக்கிட்டு கெடக்கு.

முத்தியால்பேட்டை_பென்ஷன்:

கிள்ளை தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. எங்க பாண்டிச்சேரில 2016 டிசம்பர் வரைக்கும் பழங்குடிப் பட்டியல்னு ஒண்ணே இல்ல தெரியுமா, அப்பதான் இருளர சேத்தாங்க, வில்லி வேட்டைக்காரன் உட்பட. ரோட்டத் தாண்டுனா தமிழ்நாட்டுல அதே சொந்தக்காரன் பழங்குடி, இங்க இல்ல. காடருக்கும் இதே கோளாறுதான், கேரளா பக்கம் இருக்கிற காடர் மிகவும் நலிந்த பழங்குடிப் பட்டியல்ல இருக்காங்க, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறவங்க அதுல இல்ல. காடு ஒண்ணு, ஜனம் ஒண்ணு, திட்டம் மட்டும் வேற வேற.

பாப்பா நீ போறதுக்கு முன்னாடி 2006 வன உரிமைச் சட்டத்த ஒரு தடவை உக்காந்து படிச்சிடு. தனி ஆளுக்கு நெலம் 4 ஹெக்டேர் வரைக்கும் ஒரு பக்கம், அதை விடப் பெருசு சமூக உரிமை. தேனு, மூங்கில், மெழுகு, கிழங்கு இதெல்லாம் எடுக்கவும் விக்கவும் உரிமை கிராம சபைக்கு. தமிழ்நாட்டுல 2008ல ஹைகோர்ட் போட்ட தடையால வருஷக்கணக்கா பட்டாவே குடுக்க முடியல, 2016லதான் சுப்ரீம் கோர்ட்ல விலகுச்சு. அதனால நம்ம ஊர் பின்தங்கி நிக்குது. கேரளால வாழச்சால் காடர் ஊருங்களுக்கு 2014லயே சமூக வன உரிமை வந்துடுச்சு. அங்க இருவாச்சிப் பறவைக் குஞ்சை ஒரு காலத்துல புடிச்சவங்களே இப்ப சம்பளத்துக்கு இருவாச்சிக் கூட்டைக் காவல் காக்கறாங்க. தையல விட இது எவ்வளவோ பொருத்தமான வேலை, காடு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த டிகிரிக்காரனுக்கும் தெரியாது.

நீ சேந்த நிறுவனம் இந்த உரிமைப் பக்கமே வராம மெஷின் குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டு வந்துடும்னு எனக்கு ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காத.

ரியாலிட்டி_மாமா:

நான் வேற மாதிரி கேக்கறன். எதுக்கு அவங்கள காட்டுக்குள்ளயே வச்சிக்கிட்டு? டவுனுக்குக் கொண்டாந்து வீடு குடுத்து வேலை குடுத்தா முடிஞ்சிது. புலியும் நிம்மதியா இருக்கும், இவங்களும் நிம்மதியா இருப்பாங்க.

முத்தியால்பேட்டை_பென்ஷன்:

மாமா, அதையும் பாத்தாச்சு. 2019 ஆகஸ்ட் மழைல கல்லார்ங்கிற காடர் ஊர்ல மண் சரிஞ்சு வீடெல்லாம் போச்சு. கொண்டு போயி எஸ்டேட் லைன் வீட்டுல வச்சாங்க. அவங்களுக்கு அது ஒத்துக்கல, பக்கத்துலயே காட்டுக்குள்ள தெப்பக்குளமேடுன்னு ஒரு எடத்தை அவங்களே காட்டி அங்கதான் இருப்போம்னு போராடி, 2021ல வன உரிமைச் சட்டத்துலயே எடம் வாங்குனாங்க. போறேன்னு அவங்க சொன்னா அது வேற, நாம முடிவு பண்ணக்கூடாது. சட்டமும் கிராம சபை சம்மதம் இல்லாம நகர்த்தக் கூடாதுன்னுதான் சொல்லுது.

பண்ருட்டி_முந்திரி:

எல்லாரும் சட்டம் பேசுறீங்க, நான் யாவாரம் பேசுறன். பட்டா வாங்கிட்டா மட்டும் சோறு வராது. முந்திரி யாவாரத்துல பொறந்தவன் நான், கொட்டை பொறுக்குறவன் கைக்கு என்ன வருது, உடைச்சு தோல் உரிச்சு டப்பால போடுறவன் கைக்கு என்ன வருதுன்னு எனக்குத் தெரியும். காட்டுத் தேனுல மழைக்காட்டுத் தேனுக்கு ஈரம் ஜாஸ்தி, பாட்டில்ல அடைச்சு வச்சா புளிச்சுப் பொங்கிடும். உடனே வடிகட்டி, ஈரத்தக் குறைச்சு, அப்புறம் காத்து போகாத கேன்ல அடைக்கத் தெரியணும், அப்பதான் கடைக்காரன் எடுப்பான். இல்லன்னா மலையடிவாரத்துல நிக்கிற தரகன் சொன்னதுதான் வெலை. நீலகிரில கோத்தகிரியில கீஸ்டோன்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க கூட இருந்து வளந்த 'ஆதிமலை'ன்னு பழங்குடிங்களே பங்குதாரரா இருக்கிற கம்பெனி ஒண்ணு நடக்குது. ரெண்டு நாள் அங்க போயி உக்காந்து பாரு.

எடுக்கிற மொறையும் முக்கியம். தேனடைல புழு இருக்கிற பக்கத்த விட்டுட்டு தேன் பக்கத்த மட்டும் அறுக்கணும். கருங்குங்கிலியம் மரத்துல ஆழமா வெட்டி அடில நெருப்பு வச்சா அந்த வருஷம் நெறைய வரும், அப்புறம் மரமே செத்துடும். வெலை ஏறுனா இந்த ஆசையும் ஏறும், சொல்லிட்டன்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா நம்ம முந்திரியே பிரேசில்காரன்தான், தோப்பு போட்டா நல்லா காய்க்குது. ஆனா அங்கயே அமேசான்ல பிரேசில் நட்டுன்னு ஒண்ணு, காட்டுல இருக்கிற பெரிய தேனீங்க வந்து மகரந்தம் சேக்கணும், காட்ட வெட்டிட்டு மரத்தை மட்டும் விட்டா காய்ப்பு படுத்துடும். அதனால அது இன்னைக்கும் காட்டுல பொறுக்குற கொட்டைதான். சரி, அப்ப காடு தப்பிச்சுடும்னு நெனைக்காத. சிக்கோ மென்டிஸ்னு ஒருத்தர், ரப்பர் பால் எடுக்கிறவரு, காட்ட வெட்டக் கூடாதுன்னு சண்ட போட்டதுக்கு 1988ல சுட்டுட்டாங்க. 1990ல அவரு பேருலயே அந்த ஜனங்களுக்குன்னு காட்ட ஒதுக்குனாங்க. அதுக்குள்ளயே இன்னைக்கு மாடு வளக்க மரம் வெட்டறாங்க, ரப்பருக்கு வெலை இல்ல, மாட்டுக்கு இருக்கு. உரிமையும் வேணும் வெலையும் வேணும், ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு நிக்காது.

ஓடி_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், மூணு தடவ படிச்சிட்டன். பண்ருட்டி அண்ணா, ஒரு டவுட்டு. அப்ப தேனையே பெருசா புடிச்சு அதுலயே எல்லாரையும் எறக்கிடலாமா? அப்புறம் தையல் மெஷின் ஏற்கெனவே வாங்கியாச்சாம், பட்ஜெட்ல காட்டியாகணுமாம்.

கிள்ளை_காத்து:

ஒண்ணையே நம்பாதம்மா. செங்கல்பட்டு பக்கம் வடநெம்மேலில இருளர் பாம்பு புடிக்கிற கூட்டுறவு சங்கம் 1978லேர்ந்து இருக்கு, வெஷம் எடுத்துட்டு பாம்ப திரும்ப காட்டுல விட்டுடுவாங்க, நாட்டுக்கே வெஷமுறிவு மருந்துக்கு பெரும்பாலும் அங்கேர்ந்துதான் வெஷம் போச்சு. அருமையான திட்டம். ஆனா எத்தனை பாம்பு புடிக்கலாம்னு அரசாங்கம் ஆர்டர் போடணும், ஆர்டர் லேட்டானா அத்தனை குடும்பமும் கையக் கட்டிக்கிட்டு நிக்கும். தேனும் ஒரு சீசன்தான், மழை தப்புனா அதுவும் இல்ல. தேனு கொஞ்சம், காவல் வேலை கொஞ்சம், வீட்டச் சுத்தி மொளகு கொஞ்சம்னு ஊர்க்காரங்களே சொல்லட்டும்.

மெஷின் வாங்கியாச்சுன்னா எடுத்துட்டுப் போ, யாருக்காச்சும் ஆசை இருந்தா கத்துக்கட்டும். ஆனா அந்த ஊர்ல கரண்ட் இருக்கான்னு கேட்டியா? இல்லன்னா இப்பவே காலால மிதிக்கிற மெஷினா மாத்தி வாங்கச் சொல்லு. அப்புறம் மழைக்காலம்னா அட்டை காலெல்லாம் ஏறும், சாக்ஸுக்கு மேல மூக்குப்பொடியோ புகையிலத் தூளோ தடவிக்க. அப்பாகிட்ட சொல்லு, அட்டைக்குப் பயந்தா போதும், புலி கண்ணுலயே படாது.