குளோரைடு சேனல்: கால்வாயா, புழையா, தூம்பா?

பெங்களூருவிலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் பயிலும் மேல்நிலை மாணவர்கள் எங்கள் ஆய்வகத்தைக் காண வருகிறார்கள். அவர்களுக்கான நான்கு பக்கக் குறிப்பை நான் வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். அதில் 'குளோரைடு சேனல்' என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்பதே என் கேள்வி.

குடலின் உட்புறத்தைப் போர்த்தும் எபிதீலிய செல்களை நுண்துளைத் தாங்கியின் மேல் ஓரடுக்காக வளர்த்து, அவ்வடுக்கை இரண்டு நீர்ம அறைகளுக்கு நடுவே பொருத்துகிறோம். இருபுறத்து மின்னழுத்த வேறுபாட்டைச் சுழியில் நிறுத்தி வைக்கத் தேவைப்படும் மின்னோட்டம் எவ்வளவோ, அதுவே அடுக்கைக் கடக்கும் அயனிகளின் நிகர அளவு. டென்மார்க்கின் உடலியங்கியலாளர் உஸ்ஸிங் தவளைத் தோலில் வகுத்துத் தந்த முறை இது. ஃபோர்ஸ்கோலின் சேர்த்ததும் மின்னோட்டம் உயர்கிறது. அப்பொருள் சேலம் வட்டாரத்தில் பயிராகும் மருந்துக்கூர்க்கனின் வேரிலிருந்து கிடைப்பது என்பதை மாணவர்களிடம் சொல்ல எனக்கு மிகுந்த ஆசை.

உயர்வதற்குக் காரணம், சி.எஃப்.டி.ஆர். என்னும் புரதம் திறந்து குளோரைடுக்கு வழிவிடுவது. அவ்வழிக்குக் 'கால்வாய்' என்று பலரும் எழுதுகிறார்கள். நான் வாழும் ஊரில் ஏரிகளை இணைக்கும் ராஜகாலுவே என்னும் கால்வாய் எப்போதும் திறந்தே கிடக்கிறது. நாங்கள் அளப்பதோ திறப்பையும் மூடலையும். ஆகவே, ஏரிமடையைக் குறிக்கும் 'தூம்பு' என்கிறேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளில் குமிழித்தூம்பின் அடைப்பை எடுத்தால் நீர் கரைக்கு அடியில் புகுந்து மறுபுறம் போகும். செல்லின் சவ்வே கரை. சோடியம் எக்கி (பம்ப்) என்னும் மற்றொரு புரதம் ஆற்றலைச் செலவிட்டுத் தேக்கி வைத்த ஏற்றத்தாழ்வே ஏரி. தூம்பு திறப்பதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. வேண்டும், அயனி கடப்பதற்கு வேண்டாம். கன்னடத்தில் தூபு, தெலுங்கில் தூமு என்று இச்சொல் இன்றும் வழங்குவதால் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அது அயலாக இராது.

தில்லியிலிருந்து

அம்மா, தங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் உடன்பட இயலவில்லை. எபிதீலியத்தையும் குளோரைடையும் அப்படியே ஏற்றுக்கொண்ட குறிப்பு, சேனலை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்? வடசொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதிக்கொள்ளத் தொல்காப்பியர் எச்சவியலில் இடம் தந்திருக்கிறார். மெய்யெழுத்தில் தொடங்காமல் குகரம் சேர்த்துக் 'குளோரைடு' என்று எழுதும்போது நாம் அவ்வழியில்தான் நடக்கிறோம். 'சேனல்' என்பதற்கு அந்தத் திருத்தம்கூட வேண்டியதில்லை. ஈழத்தவர் மேலணி, இழையம், கலம் என்று எழுத, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எபிதீலியம், திசு, செல் என்று படிக்கிறார்கள். இதில் இன்னொரு பிளவு வேண்டாம்.

மும்பையிலிருந்து

தில்லி ஐயா சொல்லும் சேனல் மாணவர் காதில் தொலைக்காட்சியாகவே ஒலிக்கும். தூம்பிலோ பொருட்குற்றம் உண்டு. ஏரித்தூம்பில் நீர் ஒரு திசையில்தான் போகும். குளோரைடு, மின்னழுத்தமும் செறிவும் சேர்ந்த மின்வேதிச் சரிவு எப்பக்கமோ அப்பக்கம் போகும். குடலில் குளோரைடை வெளியேற்றும் இதே புரதம், வியர்வைச் சுரப்பியின் நாளத்தில் அதை மீட்டு உள்ளே அனுப்புகிறது. அது பழுதுபட்ட சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோய் உள்ளவரின் வியர்வை உப்புக் கரிப்பதற்குக் காரணமும் இதுவே. துளை எனப் பொருள்படும், திசை சொல்லாத 'புழை' இருக்கிறது. புழக்கடையைப் புழைக்கடை என்று பிரித்துப் பாருங்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஆன சிறுவாயில் அது.

பெங்களூருவிலிருந்து

ஐயா, வியர்வை நாளத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அது வலுவான மறுப்பு. ஆனால் தூம்புக்கு ஏரிமடை என்பது மட்டுமே பொருளன்று. உள்துளை உடையது எதுவும் தூம்புதான். யானையின் கையைத் 'தூம்புடைத் தடக்கை' என்கிறது புறநானூறு. அந்தக் கை நீரை உறிஞ்சவும் செய்யும், பீச்சவும் செய்யும். தாங்கள் முன்வைக்கும் புழையும் 'புழைக்கை' என்று அதே யானையிடம்தான் போய்ச் சேர்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, தூம்பு என்றதும் அடைப்பு நினைவுக்கு வரும், புழை என்றால் வராது என்பதே.

பெங்களூருவிலிருந்து, வியாழன் இரவு

இதுவரை எழுதியவர்களில் ஏழு பேர் கால்வாயையும் மூவர் தூம்பையும் இருவர் புழையையும் ஒருவர் சேனலையும் ஆதரித்துள்ளனர். கால்வாயை ஆதரித்தவர்களில் நால்வர், பழகிய சொல் என்பதைத் தவிர வேறு காரணம் கூறவில்லை. குறிப்பு 'குளோரைடுக் கால்வாய்' என்றே அச்சாகும். உஸ்ஸிங் அறையை விளக்கும் பக்கத்தில் மட்டும் 'தூம்பு போல் திறந்து மூடும்' என்று ஒரு தொடர் சேர்த்திருக்கிறேன்.

மும்பையிலிருந்து

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆயினும் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். சி.எஃப்.டி.ஆரின் 508-ஆம் இடத்து அமினோ அமிலமான ஃபினைல் அலனின் இல்லாமற்போனால் புரதம் சரியாக மடியாமல் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்வதே அரிதாகிறது. 551-ஆம் இடத்துக் கிளைசின் மாறினால், மேற்பரப்புக்கு வந்தும் திறக்க மறுக்கிறது. முன்னதைக் கால்வாய் வெட்டப்படவில்லை என்று எழுதிவிடலாம். வெட்டிய கால்வாய் திறக்கவில்லை என்பதைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள், அம்மா?