ஜெனரிக் கிளாஸ் சேர்த்ததும் ஜேவாக் விழுகிறது: ராம் போதவில்லையா?

சிப்புட்_தம்பி:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமா செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப் நடத்துகிறார். சிறுதோட்டக்காரர்கள் குலையைக் கொண்டுவந்து இறக்குவார்கள். எடை போட்டுச் சீட்டு கொடுப்போம், அப்புறம் லோரியில் ஏற்றி மில்லுக்கு அனுப்புவோம். அந்தச் சீட்டுக் கணக்குக்காக ஜாவா 17-இல் ஒரு புரோகிராம் எழுதுகிறேன்.

சீட்டுகள் சேர்ந்தால் ஒரு லோரி, லோரிகள் சேர்ந்தால் ஒரு நாள், நாள்கள் சேர்ந்தால் ஒரு மாதம். எல்லாவற்றுக்கும் 'கட்டு' என்று ஒரே ஜெனரிக் கிளாஸ் (உள்ளே இருப்பது எந்த டைப் என்று அடைப்புக்குள் சொல்லும் கிளாஸ்) வைத்தேன். அதிலிருந்து ஜேவாக் (ஜாவா கம்பைலர்) ஓடினால், சிஸ்டத்தில் வளம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி வருகிறது. அடுத்து ஸ்டேக்ஓவர்ஃப்ளோ எரர், கீழே முடிவே இல்லாத பட்டியல். அதில் ஈஸ்சப்டைப், கன்டெய்ன்ஸ்டைப் என்ற பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. என் ஃபைல் பெயரோ வரி எண்ணோ எங்கும் இல்லை. எக்ஸிட் எண் 3. லேப்டாப்பில் ராம் 4 ஜிபி. ராம் மாற்ற வேண்டுமா?

தைப்பிங்_மழை:
பழைய கிளாஸ் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் பண்ணிப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் 21-க்கு மாறுங்கள்.

சிப்புட்_தம்பி:
இரண்டும் செய்துவிட்டேன் அண்ணே. அதே கதைதான்.

பத்தாங்_காலி:
4 ஜிபி இந்தக் காலத்துக்குப் பத்தாது. ஈப்போவுக்குப் போனால் கடையிலேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

ஈப்போ_அக்கா:
தம்பி, ராமுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த 'வளம் தீர்ந்தது' வரி பலரை ஏமாற்றும். ஹீப் (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) நிறைந்தாலும் அதே வரிதான், ஸ்டேக் நிறைந்தாலும் அதே வரிதான், எக்ஸிட் எண்ணும் 3-தான். கம்பைலருக்குள் எதிர்பாராத வேறு எக்ஸெப்ஷன் வந்தால் 4 வரும். உங்களுக்கு நிறைந்தது ஸ்டேக், அதாவது ஒரு மெத்தட் இன்னொன்றை அழைக்கும்போது கணக்கு வைக்கும் இடம். 64 பிட் லினக்ஸில் ஒரு திரெட்டுக்கு வழக்கமாக 1 எம்பி ஸ்டேக்தான், 32 ஜிபி ராம் போட்டாலும் அது 1 எம்பியாகவே இருக்கும்.

வரி எண் இல்லாததால் பாதிப் பாதியாக கமென்ட் போட்டுத் தேடுங்கள். எதை எடுத்தால் கம்பைல் ஆகிறது என்று சொல்லுங்கள். கட்டு கிளாஸின் தலைப்பு வரியும் வேண்டும்.

சிப்புட்_தம்பி:
ஒரே ஒரு மெத்தட் அக்கா. 'வாங்கி' என்பது, ஒப்படைப்பதைப் பெற்றுக்கொள்ள நான் வைத்த இன்னொரு ஜெனரிக் கிளாஸ். கட்டு<லோரி>-யை எடுத்து, அதையே வாங்கி<? சூப்பர் கட்டு<லோரி>> என்று திருப்பிக் கொடுக்கும். அதை எடுத்தால் கம்பைல் ஆகிறது. தலைப்பு வரி இது:

கட்டு<வ> எக்ஸ்டென்ட்ஸ் வாங்கி<வாங்கி<? சூப்பர் கட்டு<கட்டு<வ>>>>

ஒரு கட்டு முடிந்ததும் தனக்கு மேலே உள்ள கட்டின் கையில் தன்னை ஒப்படைக்க வேண்டும், அதற்காகத்தான் இப்படி.

ஈப்போ_அக்கா:
இதைத்தான் தேடினேன். அந்த மெத்தட்டில் நீங்கள் ஜேவாக்கிடம் கேட்கும் கேள்வி: கட்டு<லோரி> என்பது வாங்கி<? சூப்பர் கட்டு<லோரி>> ஆகுமா?

அதற்குப் பதில் சொல்ல அது தலைப்பு வரியைப் பார்க்கிறது. அதன்படி கட்டு<லோரி>-யின் தாய் டைப், வாங்கி<வாங்கி<? சூப்பர் கட்டு<கட்டு<லோரி>>>>. '? சூப்பர்' என்றால் அந்த டைப் அல்லது அதன் தாய் டைப்; அதனால் கேள்வி திசை மாறி இப்படி ஆகிறது: கட்டு<லோரி> என்பது வாங்கி<? சூப்பர் கட்டு<கட்டு<லோரி>>> ஆகுமா? இன்னொரு சுற்று போனால்: கட்டு<கட்டு<லோரி>> என்பது வாங்கி<? சூப்பர் கட்டு<கட்டு<லோரி>>> ஆகுமா? முதல் கேள்வியேதான், லோரி இருந்த இடத்தில் கட்டு<லோரி> வந்து உட்கார்ந்திருக்கிறது. இனி அனுமார் வால்தான்.

சாதாரணமாகச் சுற்றி வந்தால் ஜேவாக் கண்டுபிடித்துவிடும். கேட்ட கேள்வியைக் குறித்து வைத்திருக்கும், அதே ஜோடி மறுபடி வந்தால் நிறுத்திவிடும். இங்கே ஒவ்வொரு முறையும் டைப் வளர்வதால் எந்தக் கேள்வியும் பழையது இல்லை.

அடையாறு_73:
அக்கா சொல்வதற்கு ஒரு ஒட்டு. ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ கென்னடியும் பெஞ்சமின் பியர்ஸும் 2007-இலேயே இந்த வடிவத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். ராடு கிரிகோரே 2017-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஜாவா ஜெனரிக்ஸின் 'இது அதுவாகுமா' என்ற சப்டைப் கேள்விக்குள்ளேயே ஒரு டூரிங் மெஷினை (எந்தக் கணிப்பையும் செய்யக்கூடிய கற்பனைக் கணினியை) ஓட்டலாம் என்று நிரூபித்தார். அதாவது எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடிக்கும் ஜாவா கம்பைலர் சாத்தியமே இல்லை. ஸ்காலா 2 மொழியில் இப்படி வளரும் தலைப்பு எழுதினால் அந்த வரியிலேயே பிழை காட்டி நிறுத்திவிடும். ஜாவா அதைத் தடுக்கவில்லை, அதுதான் எரிச்சல்.

பத்தாங்_காலி:
அப்படியென்றால் ஸ்டேக்கைப் பெரிதாக்கினால் போதாதா? ஜேவாக்குக்கு மைனஸ் ஜே, மைனஸ் எக்ஸ்எஸ்எஸ் 64 எம் என்று சேர்த்துக் கொடுக்கலாமே.

ஈப்போ_அக்கா:
ஆழமாக இருந்தாலும் எங்கோ முடிகிற டைப் என்றால் அது நல்ல வழி. நீளமான மெத்தட் சங்கிலிக்கு நானே போட்டிருக்கிறேன். இது முடியாது. 64 எம் கொடுத்தால் விழ இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

தம்பி, லோரி, நாள், மாதம் என்பது ஒரு கட்டின் விவரம். அதை டைப்புக்குள் ஏன் அடுக்க வேண்டும்? 'நிலை' என்று ஒரு ஈனம் (enum, குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் உள்ள டைப்) வையுங்கள். கட்டு<வ> யாரையும் எக்ஸ்டென்ட் பண்ண வேண்டாம். உள்ளே நிலை, சீட்டுகளின் லிஸ்ட், பிள்ளைக் கட்டுகளின் லிஸ்ட் ஆகிய மூன்றும் இருக்கட்டும். பிள்ளையின் டைப்பும் கட்டு<வ>-தான். மேலே ஒப்படைக்க 'ஒப்படை' என்று ஒரு மெத்தட் எழுதி, வாங்கி<? சூப்பர் கட்டு<வ>>-ஐ அதற்குப் பாராமீட்டராகக் கொடுங்கள். வைல்ட்கார்ட் (அந்தக் கேள்விக்குறி) அங்கே இருந்தால் தொல்லை இல்லை.

சிப்புட்_தம்பி:
கம்பைல் ஆகிவிட்டது அக்கா, ரொம்ப நன்றி! மெத்தட்டும் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. முன்பு மாதக் கட்டை லோரிக்குள் போட்டால் கம்பைலரே தடுக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது யார் தடுப்பது?

ஈப்போ_அக்கா:
நீங்கள்தான். பிள்ளையைச் சேர்க்கும் மெத்தட்டில் ஒரு இஃப் போடுங்கள்: பிள்ளையின் நிலை தாயின் நிலைக்குச் சரியாக ஒரு படி கீழே இல்லையென்றால் எக்ஸெப்ஷன். மாதத்துக்குள் நேராக லோரி வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு டெஸ்டும் எழுதி வையுங்கள், மாமா நாளைக்கே வாரக் கணக்கும் வேண்டும் என்பார்.