புதுப்பிப்பு: இரண்டாவது தோட்டா வெடிக்காத என் ஓவர்-அண்டர்

போன வருஷம் இங்கே புலம்பியிருந்தேன்: பழைய அமெரிக்கத் தயாரிப்பு ஓவர்-அண்டர் (ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள வேட்டைத் துப்பாக்கி) ஒன்றை வாங்கி, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவுக்கு ஃபெசன்ட் பறவை வேட்டைக்குப் போனால், குளிரில் இரண்டாவது தோட்டா வெடிக்கவே மாட்டேன் என்கிறது என்று. பாதிப் பேர் "விற்றுத் தொலை" என்றீர்கள். விற்கவில்லை.

பழுதுபார்ப்பவர் பின்கட்டையைக் கழற்றிக் காட்டினார். ட்ரிகர் பகுதி முழுக்க மெழுகு மாதிரி உறைந்த கிரீஸ். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வருகிறது. என்னுடையதில், கீழ்க்குழல் வெடித்த உதைப்பில்தான் ஒரு சின்ன எடை நகர்ந்து ட்ரிகரை மேல்குழலுக்கு மாற்றும். அது நகர வழியே இல்லை. கிரீஸ் தடவியது யார்? நான்தான், வாங்கிய கையோடு, தாராளமாக!

கழுவி, மெல்லிய எண்ணெய் மட்டும் விட்டோம். இந்த சீசனில் பனியில் மூன்று ஃபெசன்ட் சேவல். அங்கே ஒரு நாளைக்கு அவ்வளவுதான் அனுமதி. மூன்றாவது, இரண்டாம் தோட்டாவில் விழுந்தது.

சிட்டோரி வாங்கச் சொன்னவர்களுக்கு: நல்ல துப்பாக்கிதான், ஆனால் பிரௌனிங் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் ஜப்பானில் மிரோகு நிறுவனம் செய்வது. நான் கேட்டது அமெரிக்கத் தயாரிப்பு. அப்படிப்பட்ட ரூகர் ரெட் லேபிள், ரெமிங்டன் 3200 எல்லாம் நான் தேடியபோது பழசாகத்தான் கிடைத்தன. 3200-ஐத் தூக்கிப் பார்த்தேன். நாள் முழுக்கச் சோளக்காட்டில் நடக்க என் தோளுக்கு ஆகாது.