ஸ்பிங்க்ஸ்ல (ஆவணம் தயாரிக்கிற மென்பொருள்) தேதி வடிவம் மாத்துறதுல சிக்கல், தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் நண்பர்களே, கிருஷ்ணகிரிலருந்து எழுதுறேன். போச்சம்பள்ளி பக்கம் மாந்தோட்டக்காரங்களுக்காக மருந்தடிப்பு, சொட்டுநீர் பத்தி ஒரு கையேடு ஸ்பிங்க்ஸ்ல தயார் பண்ணிட்டிருக்கேன். பக்கத்துக்கு கீழ கடைசியா மாத்துன தேதி வரணும்னு அதுக்கான html_last_updated_fmt செட்டிங்ல உள்ள எதுவும் எழுதாம வெறும் மேற்கோள் குறி மட்டும் கொடுத்தேன், மாசம் முன்னாடி நாள் பின்னாடி வந்துச்சு, சரி எண்ணாவே இருக்கட்டும்னு மாத்துனா 02/01/2025ன்னு காட்டுது. அது பிப்ரவரி 1. ஒரு பெரியவர் நம்மூர் வழக்கப்படி ஜனவரி 2ன்னு படிச்சுட்டு, பழைய குறிப்புன்னு ஒதுக்கி வச்சுட்டார். பூ எடுக்குற நேரத்துல ஒரு மருந்து தப்பிப்போனா அந்த வருஷ காய்ப்பு அடிபடலாம், அதனாலதான் இத லேசா விட முடியல.

அப்புறம் கான்ஃபிக் ஃபைல்ல (ஸ்பிங்க்ஸ் செட்டிங் எல்லாம் இருக்குற conf.py) மொழிய தமிழ்னு வச்சு, தேதி வடிவத்துக்கு சதவீதக் குறியோட சின்ன டி, பெரிய பி, பெரிய ஒய் (%d %B %Y) கொடுத்தேன். "01 பிப்ரவரி 2025"ன்னு அழகா வருது.

இப்போ மீதி இருக்குறது இதுதான். பில்ட் பண்ற (பக்கங்களை உருவாக்குற) நாள்தான் எல்லா பக்கத்துலயும் ஒரே மாதிரி விழுது, ஒரு பக்கத்தை மட்டும் திருத்துனாலும் அப்படித்தான். கிட்ல (Git, ஃபைல் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற மென்பொருள்) அந்தந்த ஃபைலோட கடைசி கமிட் (மாற்றப் பதிவு) தேதிய எடுத்து அந்தந்த பக்கத்துல காட்ட யாராச்சும் செஞ்சிருக்கீங்களா? கூடவே தை, மாசின்னு தமிழ் மாசமும் பக்கத்துல வரணும், இங்க தோட்டக் கணக்கு அதுலதான் ஓடுது. டெம்ப்ளேட்ட மாத்தணுமா, தனி எக்ஸ்டென்ஷன் எழுதணுமா? மாதிரி கோட் இருந்தா போடுங்க, இன்னைக்கு ராத்திரியே போட்டு பாத்துடுறேன்.